உப்புத் தொட்டியும் உமிச்சாம்பலும்

சல்லியில் என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. எங்கள் வாடியில் இருந்த உப்புத் தொட்டியைப் பற்றிக் கேட்டால், அதை என் புருசன் கட்டினார் என்பார்கள். அது பாதி உண்மை. கலவை குழைத்துப் பூசியது அவர், சாம்பலுக்கு அலைந்தது நான். அந்த ஒரு மாரிகாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தனியே சிரிப்பு வரும்.

வாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரையில் ஒரு கிடுகுக் கொட்டில், வெளியே மீன் காயப்போடும் பரண்கள், கொட்டிலோடு சேர்த்து வெளியே சீமெந்துத் தொட்டி ஒன்று. சோழகக் காற்றுத் தொடங்கிக் கடல் அடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மீன் வரத்துக்குக் குறைவில்லை. கரையில் விலைப்பட்டது போக மிச்சத்தை நாங்கள் வாங்குவோம். கட்டாவையும் பாரையையும் கீறிக் கழுவி, நிலாவெளி உப்பை அள்ளித் தடவி, தொட்டிக்குள் அடுக்கி, மேலே பலகையும் பாரமும் வைப்போம். மீன் தன் தண்ணீரை விட்டு, அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடந்து ஊறும். பிறகு எடுத்துக் காயவைத்தால் கருவாடு.

மீனை ஊறவைக்கிற அந்தத் தண்ணீர் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. கட்டின முதல் வருசம் தொட்டி வழுவழுவென்று இருந்தது. அடுத்த வருசம் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பூத்த இடம் கொப்பளித்தது, கொப்பளித்த இடம் உதிர்ந்தது. ஒவ்வொரு மாரிக்கும் சுவரைக் கொத்தி, புதிதாகப் பூசி, மேலே சீமெந்துப் பாலும் தடவுவோம். பாதிச் சோழகம் போவதற்குள் அது பழையபடி உதிரத் தொடங்கிவிடும். உதிர்ந்த மணல் எங்கே போகும்? மீனுக்குள்தான்.

எங்கள் கருவாட்டைக் கொழும்புக்கு ஏற்றுகிறவர் மூதூர் முதலாளி ஒருவர். மெதுவாகக் கதைக்கிற மனிதர். அந்த வருசம் கடைசிச் சுமையை எடுக்க வந்தவர், வழக்கம்போல ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். மென்று கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் திரும்பித் துப்பினார்.

"தங்கச்சி, மீன் நல்ல மீன்தான். ஆனா மண் கடிக்குது. கொழும்புக்காரன் ஒரு தரம் துப்பினா மறு தரம் வாங்கமாட்டான். அடுத்த சோழகத்துக்கும் இப்பிடியெண்டா நான் வேற வாடியத்தான் பாக்கணும். குறை நினைக்கக் கூடாது."

மற்ற நேரமாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. கருவாடு விலைப்படாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனிசன் கொழும்புக்குப் போய்விடுவார்.

அவர் கடலில் தொழில் செய்தவர். ஒருமுறை வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது அது வழுக்கி வந்து முழங்காலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அலைக்குள் நின்று வலை இழுக்க அந்தக் கால் இடங்கொடுக்கவில்லை. வாடி போட்டது அதனால்தான். கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவருடைய தமையன், ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே கதைதான் கதைப்பார். "ஏன்ரா தம்பி, காலை இழுத்துக்கொண்டு மணலுக்குள்ள கஷ்டப்படுறாய்? என்ர கடையில காசு லாச்சிக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்தால் போதும்."

முதலாளி துப்பிவிட்டுப் போன கிழமை, தமையனுக்கு இவர் சொல்லி அனுப்பினார்: தைப்பொங்கலுக்கு வாருங்கள், தொட்டி சரிவராவிட்டால் உங்களோடு வந்துவிடுகிறேன் என்று.

கடை வேலை மோசமில்லை. மாதாமாதம் காசு வரும், காலுக்கும் நோவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது, செலவு இருந்தது. எல்லாம் தெரிந்தும் எனக்கு அது பிடிக்கவில்லை. தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் வந்து போகிற புருசன் எனக்கு வேண்டாம். நான் சண்டை பிடிக்கும்போது எதிரில் இருந்து, கோபப்படாமல், ஒரு வார்த்தையில் என்னைச் சிரிக்கவைக்கிற மனிசன் எனக்குப் பக்கத்தில் வேண்டும். அதை நேரே சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் வாய் காட்டுகிற எனக்கு அவரிடம் "போகாதேங்கோ" என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. என்னவோ கூச்சம்.

அப்போது துறைமுகத்தில் படகு அணைகிற ஜெட்டி ஒன்றைத் திருத்தும் வேலை நடந்தது. அந்த வேலையை மேற்பார்த்த ஓவசியர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தாய்க்குக் கொண்டுபோக என்று எங்கள் வாடியில் கருவாடு வாங்க வருவார். தொட்டிச் சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"சீமெந்து இறுகேக்க கொஞ்சம் சுண்ணாம்பு வேலையில்லாமல் மிஞ்சிக் கிடக்கும், அக்கா. உப்புத் தண்ணி அதைத்தான் கரைக்கும். கரைஞ்ச ஓட்டையுக்குள்ள உப்புப் போயிருந்து, காய்ஞ்சு, சுவரை வெடிக்கப் பண்ணும். கலவையில சீமெந்தைக் கொஞ்சம் குறைச்சு, அதுக்குப் பதிலா உமிச்சாம்பல் போட்டுப் பாருங்கோ. மிஞ்சின சுண்ணாம்பைச் சாம்பல் பிடிச்சுத் தானும் இறுகிப்போடும். உப்புக்கு உள்ள பூர வழியிராது."

கடற்கரை மணலைத் தொடவேண்டாம், மகாவலி ஆற்று மணலாகப் பார்த்து எடுங்கள், சாம்பலை நன்றாக அரைத்துப் போடுங்கள் என்றும் சொன்னார். எந்தச் சாம்பல் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத சாம்பலா?

எங்கள் வீடுகளில் உமி எரித்தால் இரண்டு விதமாக வரும். கறுப்பாக, கரியாக நிற்பது பல் விளக்க. அதைத் தனியே எடுத்துப் பொடித்து, உப்பும் சேர்த்துப் போத்தலில் போட்டு வைப்போம். எரிந்து வெளிறிச் சாம்பல் நிறமாகப் போனது சட்டி தேய்க்க, மிச்சம் குப்பைக்கு. இதில் எது உசத்தி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கறுப்பைத்தான் காட்டும். தொட்டிக்கு உசத்தியானதைத்தானே போடவேண்டும்? தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றி வருகிற ஒரு லொறிக்காரரிடம், வெள்ளையாய்ப் போனது ஒரு பிடியும் கலக்காமல் நல்ல கறுப்பாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று தெளிவாகச் சொல்லி எடுப்பித்தேன்.

அரைக்கிறதுக்குப் பட்டினத்தில் மிளகாய் அரைக்கிற மில்லுக்குச் சாக்கைக் கொண்டுபோனேன். மில்காரர் சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உமக்குப் பிறகு தூள் அரைக்க வாற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. வீட்டுக்கு வந்து உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் அரித்தேன். மூக்கு, காது, நகக்கண் எல்லாம் கறுப்பு.

வழக்கமாகப் பூசுகிற மேசன் சாம்பலைக் கண்டவுடன் கையைக் கழுவிவிட்டார். "சாம்பல் செத்த வீட்டுச் சாமான். கட்டுற இடத்தில அதைக் கொண்டுவராதேங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாந்தகப்பையோடு போனவர்தான். அதனால் என் மனிசனே பலகைக் கட்டையில் காலை நீட்டி இருந்துகொண்டு, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். அது ஐப்பசி மாதம். காய்ந்த பிறகு, பரீட்சைக்கு என்று மலிவான சாளை மீனைப் போட்டு உப்பில் ஊறவைத்தோம்.

எடுத்துப் பார்த்தால் மீன் கறுப்பு. தண்ணீரும் கறுப்பு. சுவரில் கையை வைத்தால் கையும் கறுப்பு. பூச்சு இறுகவே இல்லை, விரலால் தேய்க்க வந்தது. நான் அந்த இடத்திலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அவர் ஒரு மீனை வாலில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கொழும்புக்காரன் இதைத் திண்டால் பல்லு விளக்கத் தேவையில்லை" என்றார்.

அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்த பிறகு ஆத்திரம் வந்தது. சங்கக்கடையில் சீமெந்துக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. எடுத்த சீமெந்தில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியும் பிழைத்தால் தைக்குப் பிறகு அவர் கொழும்பு. ஓவசியரிடம் கேட்கலாம் என்று துறைமுகத்துக்குப் போனால், அவர் மாற்றலாகி யாழ்ப்பாணம் போய்விட்டார்.

வேறு வழியில்லை, நானே பஸ் ஏறித் தம்பலகாமத்துக்குப் போனேன். அரிசி மில்லின் பின்பக்கம், நெல் அவிக்கிற அடுப்புகளிலிருந்து அள்ளிக் கொட்டின சாம்பல் மேடாகக் கிடந்தது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளிறல். அந்த வெளிறல் பக்கத்தில் மில் வேலையாள் ஒருவர் மண்வெட்டியோடு நின்று திட்டிக்கொண்டிருந்தார். மேட்டைத் தள்ளி வழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மண்வெட்டி உள்ளே இறங்காமல் எகிறிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை, சாம்பலை வெட்ட ஏலாதோ?" என்று கேட்டேன்.

"சாம்பல் மாதிரியே கிடக்குது இது? மில்லுக்கு வெள்ளையடிச்சு மிஞ்சின சுண்ணாம்பை இதில ஊத்தினவங்கள். மழை பெஞ்சு எல்லாம் கல்லாப் போச்சு."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் மேட்டின் இரண்டு பக்கமும் வழிந்து ஓடின அடையாளம் தெரிந்தது. வெளிறல் பக்கம் காலால் உதைத்தாலும் அசையவில்லை. கறுப்புப் பக்கம் செருப்பு நுனியால் தட்ட, பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரே சுண்ணாம்பு, ஒரே மழை. ஓவசியர் சொன்ன கதை முழுவதும் அந்த மேட்டில் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. சட்டி தேய்த்துக் குப்பையில் கொட்டுகிற சாம்பல்தான் சுண்ணாம்பைப் பிடிக்கிறது, நான் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தெடுத்த கரி பல்லுக்கு மட்டும்தான் உதவும். எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோசம்தான் கூட வந்தது. அந்த மில் வேலையாளுக்கு, கேட்காமலே என் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தேன்.

மேட்டில் இறுகாத இடமாகப் பார்த்து வெளிறல் சாம்பலை இரண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தால், கொண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். அவரோடு நான் போட்ட சண்டையில் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இருட்டினால் யானை றோட்டுக்கு வந்துவிடும், அந்த மனிசியை ஏற்றிக்கொண்டு எடுமன் என்று சனமே சொல்லித்தான் பஸ் கிளம்பியது.

திரும்பவும் உரல், திரும்பவும் வேட்டித் துணி. இந்த முறை சாம்பல் மாவு போல விழுந்தது. மார்கழி மூன்றாம் கிழமையில் அவர் மறுபடி கறுப்புப் பூச்சைக் கொத்திவிட்டு, புதுக் கலவையைப் பூசி முடித்தார். மேலே ஈரச் சாக்குகளை விரித்தோம்.

வெறும் சீமெந்து என்றால் இரண்டு மூன்று நாளிலேயே ஆணி கீறாது. இது ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், கழித்தும் கீறியது. அவர் ஆணியால் ஒரு கோடு போட்டு எனக்குக் காட்டினார். "பிட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். கறுப்பு வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அந்த நேரம் பார்த்துத் தைப்பொங்கலும் வந்தது, தமையனும் வந்துவிட்டார்.

தமையன் தொட்டியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், "சரி தம்பி, நாளையண்டைக்கு ரயில்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்ப தொட்டிக்குத் தண்ணி ஊத்துறது ஆர்? ஓவசியர் ஒரு மாதம் விடாமல் நனைக்கச் சொன்னவர்."

ஓவசியர் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. என்னிடம் அவர் தண்ணீரைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

"நீர் ஊத்துமன்" என்றார் தமையன்.

"எனக்கு நாரிப்பிடிப்பு, குனிஞ்சு வாளி தூக்க ஏலாது. நனைக்காமல் விட்டால் வெடிக்கும். வெடிச்ச தொட்டியை ஆரும் விலைக்கும் எடுக்கமாட்டினம்."

தமையன் வியாபாரி. விலை என்ற சொல் அவருக்கு விளங்கியது. மாசியில் வருகிறேன், அதுவரைக்கும் கதிரை இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தனியே ரயில் ஏறினார்.

பொய் சொன்னதற்கு அன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் இல்லை. இவர் காலையிலும் பின்னேரத்திலும் கிணற்றில் அள்ளி, வாளியைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வாடிக்குப் போவார். சாக்குகளை நனைப்பார். நானும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு பின்னாலே போய்த் தொட்டி விளிம்பில் குந்திக்கொள்வேன். கடல் இரைந்துகொண்டிருக்கும். தொழில் இல்லாத காலம், கரையில் ஆளிருக்காது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை. சின்ன வயதில் அவருக்குப் பாட்டுப் படிக்க ஆசை இருந்ததென்று எனக்கு அப்போதுதான் தெரியும். படித்தும் காட்டினார். ஆசையோடு விட்டது நல்லது என்று நான் சொன்னேன்.

சொன்ன மாதம் கிட்ட வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "மழைத் தண்ணி பட்ட நாள் கணக்கில்லை எண்டு ஓவசியர் சொன்னவர்" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை, தெற்குப் பக்கச் சுவருக்கு வெயில் கூட, அதற்குத் தனியே இன்னும் நனைக்கவேண்டும் என்றேன். பாவம் அந்த ஓவசியர். யாழ்ப்பாணத்தில் தன்பாட்டில் இருந்துகொண்டு, என் வாயால் எத்தனை புதுச் சட்டம் போட்டார்.

மாசியில் தமையன் வந்தபோதும் சாக்கு ஈரமாகத்தான் இருந்தது. அவர் சாக்கை விலக்கிவிட்டு, "எங்க, அந்த ஆணியைக் கொண்டா" என்றார். இவர் ஆணியை வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது, கோடு விழவில்லை. சுத்தியலால் அடித்தார். ஆணி வளைந்தது. மூன்று பேரும் வளைந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இறுகிப்போச்சு. அப்ப இனித் தண்ணி தேவையில்லை. வெளிக்கிடு" என்றார் தமையன்.

"தொட்டி சரிவராட்டிதான் வாறன் எண்டனான், அண்ணை" என்றார் இவர். "இந்தச் சோழகம் பாத்திட்டுச் சொல்லுறன்."

தமையனுக்குக் கோபம் வந்துவிட்டது. கதிரை ஒருவருக்காகவும் காத்துக்கொண்டு இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். போன கையோடு தன் மனைவியின் ஆட்களில் ஒருவரை அதில் இருத்தியும் விட்டார். இனித் தொட்டி பிழைத்தால் எங்களுக்குக் கொழும்பும் இல்லை, வாடியும் இல்லை. அந்தப் பயத்தோடுதான் சித்திரையில் முதல் மீனை அடுக்கினேன்.

அடுக்கினோம், எடுத்தோம், கழுவினோம், திரும்ப அடுக்கினோம். வழக்கமாக உப்புப் பூக்கிற காலம் வந்தது. நான் ஒவ்வொரு நாளும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பூக்கவில்லை. சோழகத்தின் கடைசியிலும் சுவர் பூசின மாதிரியே இருந்தது. அந்தத் தொட்டி அதற்குப் பிறகும் வருசக்கணக்காக நின்றது. நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இரண்டுதான்: கறுப்பை எடுக்காதேங்கோ, கன நாள் நனையுங்கோ. சாம்பல் சேர்த்தது ஆறுதலாகத்தான் இறுகும், ஈரம் நிற்க நிற்கத்தான் பலம் வரும் என்று பின்னாளில் பள்ளிக்கூடம் கட்ட வந்த ஒரு எஞ்சினியரும் சொன்னார். என் பொய்யும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த முதல் வருசம் மூதூர் முதலாளி வந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மென்றார். விழுங்கினார். வேறொரு கருவாட்டுக் கட்டிலிருந்து இன்னொரு துண்டு கிள்ளினார், அதையும் விழுங்கினார்.

"எல்லாத்தையும் கட்டுங்க, தங்கச்சி" என்றார்.

லொறி போன பிறகு தொட்டியைக் கழுவி வெறுமையாக்கிவிட்டு, அதன் விளிம்பில் இரண்டு பேரும் இருந்தோம். எனக்கு வந்த சந்தோசத்தில் ஓவசியரைப் பற்றிப் புளுகத் தொடங்கினேன். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை, அந்த மனிசன் நனைக்கச் சொன்னபடி நனைத்ததால்தானே நின்றது என்றேன்.

"அவர் போக முதல் ஜெட்டியடியில நான் கண்டு கேட்டனான்" என்றார் அவர். "ரெண்டு கிழமை நனைச்சால் போதும் எண்டுதான் சொன்னவர்."

"அப்ப ஏன் அவ்வளவு நாளும் தண்ணி காவினீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போக விருப்பமில்லை எண்டு எனக்கும் சொல்ல வரேல்லை" என்றார்.